எழவு வூட்டுக் கொளஞ்சி கரோக்கிக்குப் போன கதை

விருத்தாசலத்தில் கொளஞ்சியப்பன் போன் பண்ணினால் எடுத்தவர்கள் நலம் விசாரிக்க மாட்டார்கள். "யாரு தவறிட்டாங்க?" என்றுதான் முதலில் கேட்பார்கள். மகள் கல்யாணத்துக்குச் சமையல்காரரைப் பேசுவதற்குக் கூப்பிட்டபோதும் இதே கேள்விதான். "யாரும் தவறலைங்க, எம் பொண்ணுக்குக் கல்யாணங்க" என்று இரண்டு முறை சொன்ன பிறகுதான் அந்த மனிதருக்கு மூச்சு வந்தது.

அவர் செய்த குற்றம் நன்றாகப் பாடியது ஒன்றுதான். பதினேழு வயதில் சிராமிக் கம்பெனிக்குள் நுழைந்தவர். பொம்மை அச்சில் மண் கூழ் ஊற்றினார், பிறகு கரண்டுப் பெட்டியில் மாட்டும் பீங்கான் பியூஸ் கேரியர் பக்கம் மாறினார், இப்போது ஐம்பத்தொரு வயதில் சூளைக்குச் சாமான் அடுக்குகிறார். பதினைந்து வருஷத்துக்கு முன்பு, கூட வேலை செய்தவரின் தாயார் ராஜம்மாள் இறந்து பதினாறாம் நாள் படத்திறப்பு. சொல்லிவைத்த பாட்டுக்காரர் வரவில்லை. கொளஞ்சியப்பன் சும்மா இருந்திருக்கலாம். மைக் கிடக்கிறதே என்று கையில் எடுத்தார். அன்றிலிருந்து சுற்றுவட்டாரத்தில் யார் வீட்டில் துக்கம் என்றாலும் முதலில் பந்தல்காரரைக் கூப்பிடுவார்கள், அடுத்து இவரை.

அவரைப்போல் பாட நாலு பேர் இருந்தார்கள். ஆனால் அவரைப்போல் பேர் கூப்பிட யாரும் இல்லை. பாட்டின் நடுவே வெறும் வாத்தியம் ஓடும் இடத்தில், செத்தவரின் பேரைச் சொல்லிக் கூப்பிடுவார். "ராஜம்மா... எங்கம்மா ராஜம்மாஆ..." என்று கீழே ஆரம்பித்துக் கடைசி எழுத்தை மேலே இழுத்துக்கொண்டு போய் அங்கேயே விட்டுவிடுவார். அவ்வளவுதான். அதுவரை சாப்பாட்டுக் கணக்கையும் நாற்காலி எண்ணிக்கையையும் பேசிக்கொண்டிருந்த ஆம்பளைகள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்கள்.

அந்தக் குரலை அவர் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது மனைவி பாரதியின் சட்டம். துக்க வீட்டில் பாடியதை விளக்கு ஏற்றுகிற வீட்டில் பாடக் கூடாதாம். குளிக்கும்போதுகூட வாய் திறக்க மாட்டார். பழகுவதெல்லாம் கம்பெனியில், சூளை ஊதுகாற்றின் இரைச்சலுக்குள்தான். அங்கே அவர் பாடுவது அவருக்கே அரைகுறையாகத்தான் கேட்கும். சின்னப் பிள்ளைகளைத் துக்க வீட்டுக்கு அழைத்துப் போவதும் கிடையாது. இப்படியாக, ஊரையே அழவைத்த மனிதனின் மகள் இனியா இருபத்துநாலு வயது வரை அப்பா பாடி ஒரு பாட்டும் முழுசாகக் கேட்டதில்லை. இதைவிட ஒரு கூத்து உண்டா?

கல்யாணம் நிச்சயமானதும் அவள் கேட்டது நகையும் இல்லை, பட்டும் இல்லை. "ரிசப்ஷன்ல ஒரு பாட்டு பாடுப்பா. அப்புறம் நான் எப்பக் கேக்கப் போறேன்?" என்றாள்.

கொளஞ்சியப்பனுக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

மாப்பிள்ளை திலீபன் ஸ்ரீமுஷ்ணத்துப் பையன். அவன் அப்பா திருமால், கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேசாத மனிதர். மாப்பிள்ளையின் அம்மா கொரோனாவில் போய்விட்டார். பெண் பார்க்க வந்தபோது, "எங்க வூட்டுக்காரரு சிராமிக்ல இருக்காருங்க" என்று பாரதி சொன்னாள். பாதிப் பேச்சோடு நிறுத்திக்கொண்டாள். சம்பந்தி வீட்டாருக்கு அந்த மீதிப் பாதி இன்னும் தெரியாது.

"தாலி ஏறட்டும், அப்புறம் தெரிஞ்சா தெரியட்டும். அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றாள் பாரதி. "எழவு வூட்டுல பாடுறவரு பொண்ணான்னு ஒருத்தர் மொகஞ்சுளிச்சாலும் எனக்குத் தாங்காது."

அவள் பயம் அவருக்கும் இருந்தது. மகளின் ஆசை அதைவிடப் பெரிதாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு பாலகிருஷ்ணனிடம் போய் நின்றார்.

பாலகிருஷ்ணன் ரிசப்ஷன்களுக்குப் பாட்டுக் குழு கொண்டுபோகிறவன். சனிக்கிழமை சாயங்காலங்களில் ஜங்ஷன் ரோட்டில் ஓர் ஓட்டலின் மாடியில், வெறும் இசையை ஓடவிட்டு வந்தவர்களைப் பாடவைக்கும் கரோக்கி நடத்துகிறான். அந்த மாடிக்குப் போர்டில் 'பப்' என்று போட்டிருக்கிறார்கள். ஊதா விளக்கு நாலு, பெரிய டிவி ஒன்று, மைக் ரெண்டு கூடியதால் பார் பப் ஆகிவிட்டது. சுண்டல் அதே சுண்டல்தான், பெரிய தட்டில் வருகிறது. பாட விரும்புகிறவர்கள் பாட்டின் பேரைச் சீட்டில் எழுதிக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். சுவரில் மூன்று விதிகள் ஒட்டியிருக்கும்: சோகப் பாட்டு கிடையாது, சாமிப் பாட்டு கிடையாது, கட்சிப் பாட்டு கிடையாது. மூன்றுமே ஏற்கெனவே நடந்த சண்டைகளால் வந்தவை.

"ரிசப்ஷன் புக்கிங் உங்க சம்பந்திதாண்ணே குடுத்திருக்காரு. வர்ற மூணாவது சனிக்கெழம பாட்டுக்காரங்களக் கேட்டுப் பாக்க இங்க வராரு" என்றான் பாலகிருஷ்ணன். "நீங்களும் வந்து ஒண்ணு பாடுங்க. அவருக்குப் புடிச்சிதுன்னா உங்கள மேடை ஏத்திடுறேன். எழவு சமாச்சாரம் எதுவும் நான் மூச்சு வுட மாட்டேன்."

"பாடிடலாம் தம்பி."

"ஒண்ணே ஒண்ணு. சும்மா பாடிட்டு எறங்கக் கூடாது. நடுவுல மியூசிக் வர்ற எடத்துல ஆளுங்க பேரச் சொல்லணும். மாப்ள பேரு, மாமா பேரு. அப்பதான் கூட்டம் குஷியாவும்."

கொளஞ்சியப்பன் சரி என்று தலையாட்டிவிட்டுப் படி இறங்கினார். கடைசிப் படியில்தான் அது உறைத்தது. உயிரோடு இருக்கிற ஆளின் பேரை மைக்கில் அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

முதலில் பாட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இது என்ன பெரிய காரியம் என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்குத் தெரிந்த பாட்டு நானூறு இருக்கும். ஆனால் துக்க வீட்டில் சோகப் பாட்டு மட்டுமா கேட்கிறார்கள்? இறந்தவருக்குப் பிடித்த பாட்டைத்தான் கேட்பார்கள். மழையில் நனைந்து ஆடும் டூயட்டைக் கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு டீச்சரம்மாவுக்காகப் பாடியிருக்கிறார். பஸ் பாட்டு ஒரு டிரைவருக்கு. பைக்கில் அடிபட்டுப் போன பையனுக்காக அவன் கூட்டாளிகள் ஒரு குத்துப்பாட்டைக் கேட்டு, ஆடிக்கொண்டே அழுதார்கள். எந்தப் பாட்டை நினைத்தாலும் மாலை போட்ட ஒரு படம் கூடவே வந்து நின்றது. பாரில் உட்காரும் நாற்பது பேரில் யாராவது ஒருவர் அந்தப் பாட்டை அந்தப் படத்தோடு கேட்டிருப்பாரே! ஒரு ஆள் எழுந்து அழுதால் போதும், குட்டு வெளிப்பட்டுவிடும்.

இனியாதான் வழி காட்டினாள். போன வாரம் வெளியான படத்திலிருந்து ஒரு பாட்டைப் போனில் போட்டாள். சந்தையில் வளையல் வாங்கும் பெண்ணை ஒருவன் வம்புக்கு இழுக்கும் பாட்டு. வேகமான தாளம், மூச்சு விட இடமே இல்லை. "பொறந்து ஆறு நாள்தாம்ப்பா ஆவுது இந்தப் பாட்டு. இதப் பாடி யாரும் செத்திருக்க முடியாது" என்றாள். பாரதி அவளை முறைத்தாள்.

சூளைக்கு முன்னால் நின்று அதைப் பழகினார். கரோக்கி டிவியில் ஓடும் வரிகள் இங்கிலீஷ் எழுத்தில் இருக்கும், அவர் எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் வரி ஓடிப்போகும். ஆகவே மனப்பாடம்தான். பியூஸ் கேரியரை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கும்போது ஒவ்வொரு வார்த்தையாக அடுக்கிக்கொண்டார். இரண்டே வாரத்தில் பாட்டு படிந்துவிட்டது. அந்தச் சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்பு ஒரு சோதனை வந்தது.

மங்கலம்பேட்டைப் பக்கம் ஒரு படத்திறப்பு. சிந்தாமணி என்று எழுபது வயது அம்மாள். பேத்தி வந்து நின்று, "ஆயா கடைசி நாலஞ்சு நாளும் எம் போன்ல ஒரு பாட்டக் கேட்டுச்சுங்க. அதப் பாடுறீங்களா?" என்று கேட்டாள். எந்தப் பாட்டு என்று கேட்டார். வளையல் பாட்டேதான். "அது எனக்குத் தெரியாதும்மா" என்றார். "மியூசிக் டிராக் என்கிட்ட இருக்குதுங்க" என்றாள் அவள். "எனக்கு வராதும்மா" என்றார். பதினைந்து வருஷத்தில் துக்க வீட்டில் ஒரு பாட்டை அவர் மறுத்தது அன்றுதான். அந்தப் பெண் போய்ப் படத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். நல்ல காரியத்துக்காக ஒரு பொய் என்று தன்னையே சமாதானம் பண்ணிப் பார்த்தார். சமாதானம் ஆகவில்லை. வெட்கமாக இருந்தது.

அந்த மூன்றாவது சனிக்கிழமை வந்தே விட்டது.

ஆறரை மணிக்கெல்லாம் மாடியில் உட்கார்ந்திருந்தார். சலவைச் சட்டை, முகத்தில் பவுடர், முன்னால் லெமன் சோடா. சப்ளையர் இரண்டு முறை வந்து வேறு என்ன வேண்டும் என்று கேட்டு, மூன்றாம் முறை கேட்காமலே முறைத்துவிட்டுப் போனான். டோக்கன் ஏழாம் நம்பர். பாரதியிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அது வேறு உறுத்தியது.

சம்பந்தி திருமால் ஏழு மணிக்கு வந்தார். முழுக்கைச் சட்டை, நெற்றியில் திருமண், கையில் கல்யாணப் பத்திரிகை மாதிரிகள் அடங்கிய பை. இந்த மனிதரை இப்படி ஒரு இடத்தில் பார்ப்பது கோயில் யானையை டீக்கடையில் பார்ப்பது போல இருந்தது. கொளஞ்சியப்பனைக் கண்டதும், "வாங்க சம்பந்தி, நீங்களும் கேக்க வந்தீங்களா?" என்றார்.

"இல்லைங்க... பாடலாம்னு..."

"அப்படியா! பாடுவீங்களா? சொல்லவே இல்லியே!"

"ஏதோ கொஞ்சங்க."

திருமால் ஒரு ஜூஸ் சொல்லிவிட்டு மேடைக்கு நேர் எதிரே உட்கார்ந்தார். ஒன்றாம் நம்பர் பாடினார், இரண்டாம் நம்பர் பாடினார். மூன்றாம் நம்பருக்குக் குரல் உடைந்தது, கைதட்டல் உடையவில்லை. நண்பர்கள் நிறையப் பேரோடு வந்திருந்தார். கொளஞ்சியப்பன் எதையும் கேட்கவில்லை. 'ஸ்ரீமுஷ்ணம் திருமால் ஐயா வந்திருக்காங்க, எல்லாரும் ஒரு கைதட்டல் குடுங்க' என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டு அவருக்குப் பயமில்லை. அந்த ஒரு வாக்கியம்தான் பயம். உள்ளங்கை வேர்த்து டோக்கன் நைந்துபோயிற்று.

"ஏழு! கொளஞ்சி அண்ணன்!"

மைக்கைப் பிடித்தார். முதல் வரியை அரைத் தாளம் தாமதமாக எடுத்தார். பாலகிருஷ்ணன் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான். இரண்டாம் வரியில் சேர்ந்துகொண்டார். மூன்றாவதில் பாட்டு அவர் கைக்கு வந்துவிட்டது. வளையல்காரனின் குறும்பு, அந்தப் பெண்ணின் கோபம், இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தார். ஜன்னலோர மேசை தாளம் தட்டியது. பின்னாலிருந்து ஒருவன் விசில் அடித்தான். தன் வாயிலிருந்து இப்படி ஒரு சிரிப்பு வரும் என்று அவருக்கே தெரியாது. திருமாலின் விரல்கள் ஜூஸ் டம்ளரின் மேல் ஆடிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தார். மகள் இதைக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தபோது சந்தோஷத்தில் கண் கலங்கியது.

பல்லவி முடிந்து இடையில் வாத்தியம் எழும்பியது. பாலகிருஷ்ணன் 'பேரு, பேரு' என்று கையைக் காட்டினான். மைக்கில் எக்கோவைக் கொஞ்சம் ஏற்றியும் விட்டான்.

கொளஞ்சியப்பன் வாயைத் திறந்தார். சொல்லிச் சொல்லி வைத்திருந்த வாக்கியம் வரவில்லை. பதினைந்து வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"திருமாலு... எங்கய்யா திருமாலூஊ..."

கீழே ஆரம்பித்து, மேலே இழுத்து, அங்கேயே விட்டார்.

விசில் நின்றது. ஜன்னலோரத்தில் ஒருவர் தூக்கிய கிளாஸைக் குடிக்காமல் கீழே வைத்தார். சப்ளையர் தட்டோடு அப்படியே நின்றான். வளையல் பாட்டின் குதூகல வாத்தியம் மட்டும் வெட்கமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது: "யோவ், இது எழவு வூட்டுக் கொளஞ்சியில்ல? எங்கப்பன் படத்தெறப்புல பாடுனவருய்யா இவரு!"

அடுத்த வரி டிவியில் ஓடியது. அவர் பாடவில்லை. பாலகிருஷ்ணன் பாட்டை நிறுத்தினான்.

திருமால் எழுந்தார். முகம் வெளுத்திருந்தது. பையை எடுத்துக்கொண்டு யாரையும் பார்க்காமல் படி இறங்கிப் போனார். பத்திரிகை அடிக்கப் பேசியாயிற்று, மண்டபம் பேசியாயிற்று. உயிரோடு உட்கார்ந்திருக்கும் சம்பந்தியை மைக்கில் பிணமாக்கிவிட்டாரே! எந்த மனிதன் இதைப் பொறுப்பான்? மகளின் கல்யாணத்தைத் தன் வாயாலேயே கெடுத்துவிட்டோம் என்று கொளஞ்சியப்பனுக்குப் பட்டது. மைக்கை எங்கே வைத்தார் என்பதுகூட நினைவில்லை. பின்னாலேயே ஓடினார்.

கீழே வண்டிகள் நிற்கும் இடத்தில், சுவரோரக் குழாயில் திருமால் முகம் கழுவிக்கொண்டிருந்தார். திருமண் கரைந்து மூக்கில் வழிந்திருந்தது.

"சம்பந்தி, மன்னிச்சிடுங்க. வேணும்னு செய்யலைங்க. வாய் பழக்கங்க. உங்க காலப் புடிச்சி..."

"எத்தினி வருசமா பாடுறீங்க?"

"பதினஞ்சு வருசங்க. சொல்லியிருக்கணுங்க. எங்க வூட்டுல பயந்துட்டாங்க. பொண்ணு மேல கோவம் எதுவும் வச்சிக்காதீங்க, அது மேல ஒரு தப்பும் இல்லைங்க."

திருமால் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

"நீங்க கூப்பிட்டதும் ஒடம்பு ஆடிப்போச்சு. ஓங்கி ஒண்ணு வுடலாமான்னு இருந்திச்சி. அதான் எழுந்து வந்துட்டேன்" என்றார். "படி எறங்கும்போது அமிர்தம் நெனப்பு வந்திடுச்சி."

அமிர்தம் அவர் மனைவி. மாப்பிள்ளையைப் பெற்றவள்.

"ஆஸ்பத்திரியிலருந்து துணியில சுத்தி நேரா சுடுகாட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க. நானும் பையனும் நூறடி தள்ளி நின்னோம். பக்கத்துல வுடல. அவ பேரச் சொல்லி ஒருத்தரும் கூப்புடல சம்பந்தி. நானும் கூப்புடல. மாஸ்க்குள்ள வாயே வரல." துண்டை உதறித் தோளில் போட்டார். "படத்தெறப்பும் வைக்கல. கூட்டம் கூடக் கூடாதுன்னுட்டாங்க. அஞ்சு வருசம் ஆச்சு. இப்ப பத்திரிகையில அவ பேருக்கு முன்னால அமரர்னு போட்டுக் குடுத்திருக்கான். அதோட சரியாப்போச்சா?"

கொளஞ்சியப்பன் குனிந்து, சொட்டிக்கொண்டிருந்த குழாயை இறுக்கி மூடினார்.

"ரிசப்ஷன்ல பாடுங்க. எந்தப் பாட்டா வேணா இருக்கட்டும்" என்றார் திருமால். "நடுவுல அவ பேரக் கூப்புடுங்க. இப்ப என்னைக் கூப்புட்ட மாதிரியே."

"நல்ல காரியத்துலங்களா? ஜனங்க என்னா சொல்லுவாங்க..."

"அவன் அம்மாங்க அவ. மவன் கல்யாணத்துக்கு அவளக் கூப்புடாம வேற யாரக் கூப்புடுறது?"

சொல்லிவிட்டு அவர் வண்டியை எடுத்தார். கொளஞ்சியப்பன் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தே போனார். மேடையில் தன்னை ஏற்றமாட்டார்களோ என்ற பயம் போய்விட்டது. அந்த இடத்தில் வேறு பயம் வந்து உட்கார்ந்திருந்தது. முந்நூறு பேர் சாப்பிட்டுச் சிரிக்கும் மண்டபத்தில் அந்தப் பேரை இழுத்தால் தொண்டை நிற்குமா, மாப்பிள்ளை தாங்குவானா, மகள் முதன்முதலாகக் கேட்கும் அப்பாவின் குரல் இதுவாகவா இருக்க வேண்டும் என்று கலங்கிக்கொண்டே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்.

பாரதி கதவைத் திறந்ததும் பவுடர் முகத்தைப் பார்த்தாள். பொய் அங்கேயே செத்தது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். ஓவர்டைம் என்று ஏமாற்றியதைச் சொன்னார், சம்பந்தி பேரை வாய் தவறி இழுத்ததைச் சொன்னார். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். குழாயடியில் சம்பந்தி சொன்னதையும் சொன்னார். அவள் கை அப்படியே நின்றது. உள் அறைக் கதவருகே இனியா வந்து நின்றிருந்தாள்.

"என்னா பதில் சொன்னீங்க?" என்று கேட்டாள் பாரதி.

"ஒண்ணும் சொல்லல. எனக்குப் பயமா இருக்குது பாரதி."

அவள் எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்தினாள். ஜன்னல்களையும் சாத்தினாள். திரும்பி வந்து அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"சம்பந்தியம்மா பேர இங்கயே கூப்புட்டுப் பாருங்க" என்றாள். "அந்தம்மா காதுல வுழணும்."